பதினாறு வீடுகளின் பதில்

10 ஜனவரி 1955, திங்கள்

வீட்டில் வழக்கமாகப் பேசும் மொழி எது?

படிவத்தின் ஏழாவது கேள்வி. எழுதியவள் நான். எனக்கே விடை தெரியவில்லை.

ஊருக்குள் எடுத்துப் போவதற்கு முன் காலேஜில் எங்கள் துறையில் ஒவ்வொருவரும் தம் வீட்டை வைத்து ஒரு படிவம் நிரப்பிப் பார்க்க வேண்டும் என்று பேராசிரியர் விஸ்வேஸ்வரன் சொல்லியிருந்தார். மற்றவர்கள் காபி ஆறுவதற்குள் முடித்துவிட்டார்கள். நான் ஏழில் நின்றுவிட்டேன். மோலி இருந்தவரை தமிழ் என்று யோசிக்காமல் எழுதியிருப்பேன். தங்கை போய் பதினோரு மாதம். இப்போது இந்த வீட்டில் நான் ஒருத்தி. காலையில் பால்காரரிடம் நாலு வார்த்தை கன்னடம், அதுவும் வாசலில். உள்ளே எந்த மொழியும் இல்லை.

கோடு போட்டுக் கொடுத்தேன்.

“என்னம்மா இது, ஏழுக்குக் கோடு?”

“விடை இல்லை, சார்.”

“அப்படியொரு விடைக்கு நாம எடமே விடலையே” என்று சிரித்தார். அப்புறம் மோலி ஞாபகம் வந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

12 ஜனவரி

மில் தொழிலாளர் லைனில் நூற்றுப்பன்னிரண்டு வீடுகள். எங்கிருந்து வந்தார்கள், என்ன படித்தார்கள், எந்தப் பண்டிகை, என்ன மொழி, உடம்பு எப்படி, மனம் எப்படி. சமூக ஆய்வு என்று இப்போது எல்லோரும் சொல்வது இதைத்தான். சுதந்திரம் வந்ததிலிருந்து சர்க்காருக்கு எதையும் எண்ணிப் பார்க்க ஆசை. எண்ணி என்ன செய்வார்கள் என்று நான் கேட்பதில்லை.

இந்தத் தடவை கேட்காமலே தெரிகிறது. கல்வி அலுவலகத்திலிருந்து பேராசிரியருக்குக் கடிதம். லைனில் உள்ள பெண்கள் பள்ளியில் ஒரு தமிழ்ப் பிரிவு. பட்டியலில் ஐம்பத்திரண்டு குழந்தைகள். அவர்களில் வீட்டு மொழி தமிழாக உள்ளவர்கள் நாற்பது பேராவது இருந்தால் பிரிவு தொடரும். குறைந்தால் ஜூன் முதல் கன்னடப் பிரிவோடு சேர்த்துவிடுவார்கள். ஏழாம் கேள்வியை வைத்து எண்ணித் தர வேண்டும்.

அந்தப் பிரிவுக்கு ஒரே டீச்சர். ஜேன். என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவள். பத்தொன்பது வருடமாக அங்கே இருக்கிறாள். பிரிவு போனால் அவளைச் சாமராஜநகருக்கு அனுப்பித் தையல் வகுப்பு கொடுப்பார்கள் என்று ஒரு பேச்சு. நாற்பத்தெட்டு வயதில்.

சாயங்காலம் போய்ச் சொன்னேன். சிரித்தாள். “ஐம்பத்திரண்டு பேர் இருக்காங்கடி. எண்ணிக்கோ, பயமேனு நனகே?” என்றாள், எனக்கென்ன பயம் என்று. அவள் அப்படித்தான், ஒரு வாக்கியத்தில் பாதி தமிழ், பாதி கன்னடம்.

மோலி போன பிறகு நாற்பது நாள் தன் வீட்டைப் பூட்டிவிட்டு வந்து என் வீட்டில் இருந்தவள் அவள். அதற்கு இன்னும் ஒரு நன்றி சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. இது மட்டும் எனக்கு விநோதமாக இருக்கிறது.

19 ஜனவரி

மாணவர்கள் லிங்கப்பனும் லீலாவும் படிவங்களோடு திரும்பினார்கள். ஐந்து நாளில் முடித்துவிட்டார்கள். சங்கராந்தி வாரம், எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். லிங்கப்பன் சட்டைப்பை நிறைய எள்ளும் வெல்லமும். “ஒரு வீட்டில்கூடச் சும்மா விடவில்லை, மேடம். தமிழ் வீடுகளில்தான் அதிகம் கொடுத்தார்கள்” என்றான். நல்ல பையன். ஹாசன் பக்கம். தமிழ் ஒரு சொல் தெரியாது.

பதினான்காம் கேள்வி, நலமாக இருக்கிறீர்களா. நூற்றுப்பன்னிரண்டில் நூற்றொன்பது வீடு நலம். அதில் ஒரு வீட்டில் மூத்த பெண் மஞ்சள்காமாலையில் படுத்திருந்தாள் என்று லீலாவே ஓரத்தில் குறித்திருக்கிறாள்.

யாராவது என்னைக் கேட்டாலும் நலம் என்றுதான் சொல்கிறேன்.

24 ஜனவரி

எண்ணினேன். ஐம்பத்திரண்டில் முப்பத்தொன்று.

மறுபடி எண்ணினேன். முப்பத்தொன்றுதான்.

25 ஜனவரி

ஜேனிடம் காட்டக் கூடாது. காட்டினேன். பதினாறு வீடு, இருபத்தொரு குழந்தைகள், எல்லாவற்றிலும் ஏழுக்கு எதிரே கன்னடம். விரலை வைத்து ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டு வந்தவள் நடுவில் நிறுத்திவிட்டாள்.

“கருப்புசாமி வீட்டிலே கன்னடமா? ஏண்டி, அந்த ஆளு கன்னடம் பேசினா மில்லே நின்னு வேடிக்கை பார்க்கும்! கொள்ளேகாலத்துக்கு அந்தப்புறம் அனூர்க்காரங்க அவங்க. வீட்டிலே நாய்க்குக்கூடத் தமிழ்தான்.”

“படிவத்தில் இருக்கிறது.”

“படிவத்திலே இருந்தா?”

லிங்கப்பனை வரச்சொல்லியிருக்கிறேன்.

26 ஜனவரி

குடியரசு நாள். கொடி ஏற்றினார்கள். பிறகு லிங்கப்பன் வந்தான்.

ஏழாம் கேள்வியை எப்படிக் கேட்டாய் என்றேன். “மனேலி யாவ பாஷெ மாத்தாடுத்தீரி” என்றுதான், மேடம், வேறெப்படிக் கேட்பது என்றான். அவர்கள் என்ன சொன்னார்கள்? “நம்தூ கன்னடானே சுவாமி” என்று சிரித்துக்கொண்டே சொன்னார்களாம். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்களாம். கருப்புசாமி மனைவி பாயைத் தட்டிப் போட்டு, எள்ளு-வெல்லம் கொடுத்து, எங்களுடையதும் உங்கள் பாஷைதான் என்றாளாம்.

அவ்வளவுதான். அவன்மேல் தப்பில்லை.

எங்கள் வீட்டில் அப்பாவும் இதையேதான் செய்தார். துணிக்காரர் வந்தால் இந்துஸ்தானி, கட்டை வண்டிக்காரர் வந்தால் கன்னடம், பாதிரியார் வந்தால் தமிழ். படியேறி வந்தவரை அவர் பேச்சிலேயே பேசி உட்கார வைப்பது இந்த ஊர்த் தமிழ்க் குடும்பங்களுக்கு மரியாதை. உங்களுடையதுதான் எங்களுடையதும் என்பது விடை இல்லை, உபசாரம். அதுவும் எள்ளையும் வெல்லத்தையும் தின்று நல்ல வார்த்தை பேசு என்று ஊரே சொல்லும் வாரத்தில் போய்! போதாதற்கு மொழிவாரியாக மாநிலம் பிரிக்கும் எல்லைக் கமிஷன் என்று பத்திரிகையில் தினமும். எந்த வீட்டில் ஒரு அந்நியனிடம் வேறு சொல்வார்கள்?

இந்த வீட்டில் வளர்ந்தவளுக்கு இது தோன்றியிருக்க வேண்டாமா? எம்.ஏ. படித்து, புள்ளிவிவரம் படித்து, இருபத்துநாலு கேள்வி எழுதினேன். யார் கேட்பது, எந்த மொழியில் கேட்பது என்று ஒரு வரி எழுதவில்லை.

31 ஜனவரி

அந்தப் பதினாறு வீட்டுக்கு மட்டும் மறுபடி போக பேராசிரியர் ஒப்புக்கொண்டார். “தமிழ்ல கேட்டா தமிழ்னுதானே சொல்லுவா? அது மட்டும் என்ன நிச்சயம்?” என்றார். நியாயமான கேள்வி. நானே என்னிடம் கேட்டுக்கொண்டதுதான். வேறு வழி தெரியவில்லை.

லைனில் என்னை யாருக்கும் தெரியாது. ஜேன் கூட வருகிறாள்.

5 பிப்ரவரி, சனி

எட்டு வீடுகள். எட்டும் தமிழ். கேள்வியை முடிக்கும் முன்னரே தமிழ்.

மூன்றாவது வீட்டில் தாய் தமிழ் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது அவள் பின்னால் நின்ற சின்னப் பெண் புடவையை இழுத்து “ஏனந்தெ அம்மா?” என்று கேட்டது. என்னவாம் என்று. தாய் அதன் வாயைக் கையால் பொத்திவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஜேன் சட்டென்று அங்கே கிடந்த பூனைக்குட்டியைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தாள்.

6 பிப்ரவரி, ஞாயிறு

ஆராதனை முடிந்து மீதி எட்டு வீடுகள். ஆறு தமிழ். ஒரு வீடு பூட்டியிருந்தது. ஒரு வீட்டில் புருஷன் மண்டியாக்காரர், கன்னடம்தான், சந்தேகமில்லை.

கருப்புசாமி மனைவி உரலைக் கழுவிக்கொண்டிருந்தாள். “தமிளுதானுங்க. வேற என்னத்தப் பேசறது? எங்கக்கா சிங்காநல்லூர்ல இருக்குதுங்க. அது போடுற கடுதாசிய இவதான் படிச்சுச் சொல்றா. அதுக்குத்தானே இங்க சேர்த்துனது.” அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு என் முன்னால் நிறுத்தினாள். பெண் ஏதோ ஒரு பழைய கடிதத்தை எடுத்து வந்து கடகடவென்று படித்தது. நலம், நலமறிய அவா.

வழியில் ஜேன் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “இப்போ எத்தனை?” நாற்பத்தொன்பது வருகிறது என்றேன். ரோட்டிலேயே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு அவள் கை சூடாக இருந்தது என்று தெரிந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

9 பிப்ரவரி

மோலி போய் ஒரு வருடம். கல்லறைக்குப் போனேன். வெயில். திரும்பி வந்தேன்.

12 பிப்ரவரி, சனி

பூட்டியிருந்த வீட்டுக்காக இன்று தனியாகப் போனேன். அவர்களும் தமிழ், ஒரு குழந்தை. ஐம்பது ஆயிற்று.

திரும்பும்போது கருப்புசாமி மனைவி கூப்பிட்டு மோர் கொடுத்தாள்.

“அன்னிக்குச் சரியாச் சொன்னனுங்களா?”

“எதை?”

“தமிளுன்னு. டீச்சரம்மா முந்தின நாளே ஊடூடா வந்து சொல்லிட்டுப் போனாங்கொ. பெரிய டீச்சரு வருவாங்க, தமிளுன்னே சொல்லோணும், மாத்திச் சொல்லிராதீங்கன்னு. நாங்கூட, அட, நெசத்தச் சொல்றதுக்கு எதுக்குங்க சொல்லிக் குடுக்கறதுன்னு கேட்டனுங்க.”

மோரைக் குடித்து முடித்தேன்.

13 பிப்ரவரி, ஞாயிறு

ஜேனிடம் கேட்டேன். மறுக்கவில்லை.

“ஆமா, போனேன். என்ன இப்போ? அவங்க பொய்யா சொன்னாங்க?”

“பொய் என்று சொல்லவில்லை.”

“பின்னே?”

“சொல்லிக்கொடுத்த பதில்.”

“உன் லிங்கப்பன்கிட்டே சொன்னது மட்டும் யாரும் சொல்லிக்கொடுக்காததா? இந்த ஊரே சொல்லிக்கொடுத்தது அது. பொறந்ததிலேர்ந்து சொல்லிக்கொடுத்தது. நான் ஒரு சாயங்காலம் சொன்னேன், அது தப்பாப் போச்சு.”

அவள் சொன்னது சரி. இரண்டு எண்ணிலும் உண்மை இல்லை என்றேன். “உண்மை எங்கேடி இருக்கு? உன் பீரோவிலயா?” என்றாள். பிறகு குரல் இறங்கியது. “ஐவி, அதை எழுதாதே. உன்கிட்டே நான் இதுவரைக்கும் ஒண்ணும் கேட்டதில்லை.”

கேட்டதில்லைதான்.

18 பிப்ரவரி

ஒரு கையெழுத்துக்காகப் பள்ளிக்குப் போனேன். வகுப்புக்கு வெளியே நின்று கொஞ்ச நேரம் கேட்டேன். தமிழ்ப் பாடம், மழை எப்படிப் பெய்கிறது என்று. ஜேன் ஒரு வரி படிக்கிறாள். பிறகு அதைக் கன்னடத்தில் விளக்குகிறாள். பாதி வகுப்பு அப்போதுதான் தலையாட்டுகிறது. பிறகு மறுபடி தமிழில் படிக்கச் சொல்கிறாள். எல்லோரும் சேர்ந்து, நன்றாக.

என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினாள். நான் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இதை அறிக்கையில் எழுத மாட்டேன். யாரும் கேட்கவில்லை.

28 பிப்ரவரி

அறிக்கை கொடுத்தேன். இரண்டு எண்ணும் இருக்கிறது. இரண்டாம் பத்தி: முதல் கணக்கு, வந்தவர் மொழியிலேயே பதில் சொல்லும் வழக்கத்தால் குறைவாக இருக்கலாம், அதை நம்பி முடிவெடுக்கக் கூடாது. மூன்றாம் பத்தி: இரண்டாவது கணக்கு வகுப்பு ஆசிரியையின் முன்னிலையில் எடுக்கப்பட்டது, வீட்டாருக்கு முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தது.

பேராசிரியர் இரண்டு தடவை படித்தார். “அவாளுக்கு ஒரு எண் போரும். மூணாம் பத்தி வேணுமா?”

வேண்டும் என்றேன்.

“உங்க இஷ்டம்.”

அந்த வரியை ஒரு அடித்தல்கூட இல்லாமல் எழுதினேன். மனம் அடித்துக்கொள்ளவில்லை. நேர்மை என்று சார் நினைத்திருப்பார். வகுப்பில் பார்த்ததை எழுதவில்லை, வாசலில் கேட்டதை எழுதினேன். எந்த நேர்மை இது, ஒன்றை விட்டு ஒன்றை? ஒரு வருடமாக எதுவும் மனதில் தைப்பதில்லை. ஊசி தைக்காதவளுக்கு எழுதுவது சுலபம். நேர்மையும் மரத்துப்போவதும் பார்க்க ஒரே மாதிரி இருக்குமோ?

ஜேனிடம் சொல்லவில்லை.

7 மார்ச்

பரீட்சைத் தாள்கள். வேறொன்றும் இல்லை.

21 மார்ச், திங்கள்

கடிதம் வந்துவிட்டது. நகல் பள்ளிக்கும். முதல் கணக்கு ஏற்கப்பட்டது, முப்பத்தொன்று. இரண்டாவது, ஆய்வாளரே குறிப்பிட்டுள்ள காரணத்தால் தள்ளப்பட்டது. என் மூன்றாம் பத்தியை அப்படியே தட்டச்சு செய்து அடிக்கோடும் போட்டிருக்கிறார்கள். இரண்டாம் பத்தி எங்கும் இல்லை.

ஜூன் முதல் தமிழ்ப் பிரிவு கிடையாது. ஆசிரியைக்கு மாற்றல், சாமராஜநகர்.

நகல் இன்று காலையே ஜேன் கைக்குப் போயிருக்கும்.

24 மார்ச், வியாழன்

விளக்கம் கேட்க அலுவலகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நான் போய் உட்கார்ந்த சமயம் லைனிலிருந்து பெண்கள் வந்தார்கள். ஏழெட்டுப் பேர். முன்னால் கருப்புசாமி மனைவி, சலவைப் புடவையில்.

அதிகாரி கெட்டவர் இல்லை. எழுந்து நின்றே கேட்டார். அவர் கன்னடத்தில் கேட்டார். அவர்களும் கன்னடத்திலேயே சொன்னார்கள். “நம் மக்களிகெ தமிளு பேக்கு சுவாமி.” எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் வேண்டும் என்று ஒருத்தி மாற்றி ஒருத்தி, மடமடவென்று, ஒரு தடங்கல் இல்லாமல். பெரிய மனிதரிடம் போகிறோம் என்று இரண்டு நாள் ஒத்திகை பார்த்திருப்பார்கள்.

அவர் சிரித்துவிட்டார். கிண்டல் இல்லை, நிஜமான சந்தோஷம். இவ்வளவு அழகாகக் கன்னடம் பேசுகிறீர்களே அம்மா, உங்கள் பிள்ளைகளுக்கு என்ன கஷ்டம் வரப்போகிறது என்றார். பெண்களுக்கும் பாராட்டு என்று புரிந்து சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகுதான் அது மறுப்பும் என்று புரிந்தது. கருப்புசாமி மனைவி என் பக்கம் திரும்பினாள்.

“நீங்க சொல்லுங்கம்மா. நீங்கதானே வந்து எளுதிட்டுப் போனீங்க.”

முதல் கணக்கிலும் அதே குறை இருக்கிறது, இரண்டாம் பத்தியில் எழுதியிருக்கிறேன் என்றேன். ஆங்கிலத்தில் சொன்னேன். ஏன் ஆங்கிலத்தில்?

“மூன்றாம் பத்தி இன்னும் தெளிவாக இருக்கிறதே, மேடம்” என்றார் அவரும் ஆங்கிலத்தில்.

வெளியே வந்ததும் கருப்புசாமி மனைவி கேட்டாள், “அவரு என்னங்க சொன்னாரு?” முடிவு மாறாது என்றேன். சரிங்க என்றாள். வெயிலில் நடந்து போனார்கள்.

25 மார்ச், வெள்ளி

நாலு நாளாக ஜேன் வரவில்லை. நானும் போகவில்லை. இன்று காலை பல் விளக்கும்போது என்னையே திட்ட ஆரம்பித்தேன். அழுகை இல்லை. என்ன பெரிய எழுத்து எழுதிட்டே நீ? நாற்பது நாள் உன் வீட்டிலே கிடந்து உனக்குக் கஞ்சி ஊத்தினவளை ஒரு பத்தியிலே தூக்கி எறிஞ்சிட்டு, ஒரு வார்த்தை சொல்லலையே அவகிட்டே. பயமா? பயம்கூட இல்லையே. போகத் தோணலை. அதைத்தான் சொல்லிக்க வாய் வரலை.

நாளைக்குப் போகிறேன். மன்னிப்பு என்று ஆரம்பிக்கக் கூடாது, அவளுக்குப் பிடிக்காது. எழுதினேன், சொல்லாமல் எழுதினேன், சொல்லியிருக்க வேண்டும் என்று மட்டும். திட்டுவாள். அடிபாவி என்பாள், பாத்திரம் எதையாவது போட்டு உடைப்பாள், மோலி இருந்தால் உன்னைச் சேர்த்திருப்பாளா என்பாள். சொல்லட்டும். அவள் திட்டினால் எனக்கு ஏதாவது தைக்கும் என்று நினைக்கிறேன்.

26 மார்ச், சனி

பத்து மணிக்குப் போனேன். கதவை ஜேனே திறந்தாள். தலை வாரி, பூ வைத்து, வெளியே போகிறவள் மாதிரி இருந்தாள்.

“பன்னி, மேடம். கூத்கொள்ளி” என்றாள். வாருங்கள், உட்காருங்கள் என்று, சிரித்த முகமாக.

நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டாள். காபியை எனக்கு எப்போதும் தரும் டம்ளரில் தரவில்லை. அலமாரியிலிருந்து கோப்பையும் சாஸரும் எடுத்தாள். உடம்பு சௌக்கியமா, காலேஜில் பரீட்சையெல்லாம் முடிந்ததா என்று கேட்டாள். எல்லாம் கன்னடத்தில், நல்ல கன்னடம், ஒரு சொல்லும் கலக்காமல்.

“ஜேன், நான் அதை உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும்” என்று தமிழில் ஆரம்பித்தேன். முழுவதையும் சொன்னேன். தலையைச் சாய்த்துக் கேட்டாள். முடித்த பிறகு, பரவாயில்லை மேடம், உங்கள் வேலையை நீங்கள் செய்தீர்கள் என்றாள். சாமராஜநகரில் தண்ணீர் கொஞ்சம் உப்பாம், மற்றபடி நல்ல ஜனங்களாம். இன்னும் கொஞ்சம் சர்க்கரை போடட்டுமா?

இன்னொரு முறை தமிழில் கூப்பிட்டுப் பார்த்தேன். “ஹேளி, மேடம்” என்றாள். சொல்லுங்கள்.

சர்க்கரை போதும் என்று சொன்னேன். கன்னடத்தில் சொன்னேன்.

வாசல் வரை வந்து, கைகூப்பி வழியனுப்பினாள்.